கோல்ஃப் சங்கத்துக்கு எதற்குச் சந்தா?

கேள்வி இதுதான்: "பே ஏரியாவில் வேலை. அலுவலக நண்பர்களோடு கோல்ஃப் ஆட ஆரம்பித்திருக்கிறேன். வட கலிஃபோர்னியா கோல்ஃப் சங்கத்தில் சேர்ந்து ஹேண்டிகேப் எடுத்துக்கொள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறை ஆடும்போதும் கோர்ஸுக்குத் தனியாகப் பணம் கட்டத்தான் போகிறேன். அப்புறம் இந்தச் சங்கத்துக்கு எதற்குச் சந்தா? இவர்கள் என்ன செய்கிறார்கள்?"

சுருக்கமாகச் சொன்னால், நீங்கள் சந்தா கட்டி வாங்குவது ஹேண்டிகேப் என்ற ஓர் எண்ணை. முன்பின் தெரியாத இருவர், இருவருக்கும் பழக்கமில்லாத ஒரு கோர்ஸில், சமமாக மோத வழி செய்யும் எண் அது. அதை நம்பத்தக்கதாக வைத்திருப்பதுதான் சங்கத்தின் அன்றாட வேலை. போட்டி நடத்துவது, சிறுவர்களைக் கொண்டுவருவது, அரசாங்கத்திடம் வாதாடுவது எல்லாம் அதைச் சுற்றி வளர்ந்தவை. கோர்ஸ் மதிப்பீட்டுக் குழுக்களோடு தன்னார்வலனாகப் போய்வருகிறவன் நான். அதனால் அந்தப் பகுதியைச் சற்று விரித்தே சொல்கிறேன்.

முதலில் இவர்கள் யார் என்பதைப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் கோல்ஃபின் தலைமை அமைப்பு, 1894-ல் ஐந்து கிளப்கள் சேர்ந்து தொடங்கிய அமெரிக்க கோல்ஃப் சங்கம், யு.எஸ்.ஜி.ஏ. விதிகள், யு.எஸ். ஓப்பன் போட்டி, ஹேண்டிகேப் முறை எல்லாம் அதன் பொறுப்பில் வருகின்றன. ஆனால் இவ்வளவு பெரிய நாட்டில் ஒவ்வொரு ஊர்க் கோர்ஸுக்கும் தலைமையகத்திலிருந்து ஆள் வர முடியாது. களத்தில் இறங்கி வேலை பார்ப்பவை மாநில, வட்டாரச் சங்கங்கள்தாம். கலிஃபோர்னியா நீளமான மாநிலம் என்பதால் இங்கே இரண்டு: தெற்கே 1899-ல் ஒன்று தொடங்கியது, வடக்கே 1901-ல் ஒன்று. உங்களுக்கு உரியது வடக்குச் சங்கம், என்.சி.ஜி.ஏ. இது லாப நோக்கம் இல்லாத அமைப்பு. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் டி.வி.யில் நீங்கள் பார்க்கும் பி.ஜி.ஏ. டூருக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. உங்களையும் என்னையும் போலச் சனிக்கிழமை ஆடுகிறவர்களுக்காக இருப்பது இது.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். நீங்கள் ஆடும் கோர்ஸின் ஸ்கோர் கார்டை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு டீக்கும், அதாவது முதல் அடியை அடிக்கும் இடத்துக்கும், எதிரே 71.2 / 128 என்பதுபோல இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். முதலாவது கோர்ஸ் ரேட்டிங். ஸ்க்ராட்ச் ஆட்டக்காரர், அதாவது ஹேண்டிகேப் பூஜ்யம் உள்ளவர், இயல்பான வானிலையில் நன்றாக ஆடினால் எத்தனை அடியில் முடிப்பார் என்ற கணிப்பு அது. இரண்டாவது ஸ்லோப். ஹேண்டிகேப் 20-ஐ ஒட்டி இருக்கும் போகி ஆட்டக்காரருக்கு, அதே கோர்ஸ் ஸ்க்ராட்ச் ஆளைவிட எவ்வளவு அதிகமாகச் சிரமம் தரும் என்பதை அது சொல்கிறது. ஸ்லோப் 55-லிருந்து 155 வரை போகலாம். 113 என்பது நடுநிலையாக வைத்துக்கொண்ட எண்.

இந்த இரண்டாவது எண் பிறந்த கதைக்கும் நம் வட்டாரத்துக்கும் தொடர்பு உண்டு. 1970-களில் மான்ட்டரேயில் உள்ள கடற்படை முதுநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த டீன் நூத் என்ற அதிகாரிதான் இதற்கு அடித்தளம் போட்டார். அதற்கு முன்பு கோர்ஸ்களை ஸ்க்ராட்ச் ஆட்டக்காரரின் கண்ணால் மட்டுமே அளந்தார்கள். 250 யார்டு அடிப்பவருக்கு ஒரு பொருட்டே இல்லாத ஓடை, 200 யார்டு அடிப்பவருக்குப் பந்து போய் விழும் இடத்திலேயே இருக்கும். சராசரி ஆட்டக்காரர் படும் பாடு கணக்கிலேயே வரவில்லை. அதை எண்ணாக மாற்றியது நூத்தின் வேலை. 1982-ல் கொலராடோ மாநிலச் சங்கம் முதலில் இதைத் தன் கோர்ஸ்களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பிறகு நாடு முழுவதும் பரவி, 2020 ஜனவரியில் தொடங்கிய உலக ஹேண்டிகேப் முறையின் முதுகெலும்பாகவும் ஆகிவிட்டது.

அந்த இரண்டு எண்ணையும் போடுவது யார்? கோர்ஸின் உரிமையாளர் போட்டுக்கொள்ள முடியாது. மளிகைக் கடைக்காரர் எடைக்கல்லுக்குத் தானே முத்திரை குத்திக்கொள்ள முடியாததுபோலத்தான் இதுவும். சங்கத்தின் குழு வந்து அளந்தே ஆக வேண்டும். வருபவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற பொறியாளர்கள், ஆசிரியர்கள், நீங்கள் காலையில் ஆடும்போது உங்களுக்கு முந்தைய குழுவில் நிதானமாகப் போகும் பெரியவர்கள்.

அளக்கும் நாளில் டீயிலிருந்து நேராக நடந்து போய்விட மாட்டோம். பந்து எங்கே விழுமோ அங்கே போய் நிற்போம். ஆண் ஸ்க்ராட்ச் ஆட்டக்காரர் முதல் அடியில் 250 யார்டு, ஆண் போகி ஆட்டக்காரர் 200, பெண் ஸ்க்ராட்ச் 210, பெண் போகி 150 என்று வைத்துக்கொண்டு ஒவ்வொருவருடைய இடத்திலும் தனித்தனியாகக் குறிப்பெடுப்போம். அங்கே ஃபேர்வே, அதாவது புல்லை ஒட்ட வெட்டிய நடுப்பாதை, எத்தனை யார்டு அகலம்? ஓரப் புல் எவ்வளவு உயரம்? நிற்கும் தரை சாய்வா, சமமா? தண்ணீர் எத்தனை யார்டு தள்ளி இருக்கிறது? அங்கிருந்து கிரீன், அதாவது குழி இருக்கும் வழுவழுப்பான புல்தரை, தெரிகிறதா? கிரீனுக்குப் போனால் அதன் நீள அகலம், சுற்றியிருக்கும் பங்கர்கள் (மணல் பள்ளங்கள்) எவ்வளவு ஆழம், மேடு பள்ளம் எப்படி என்று பார்ப்போம். ஸ்டிம்ப்மீட்டர் என்ற 36 அங்குல அலுமினியச் சட்டத்தைச் சாய்த்துப் பந்தை உருட்டிவிட்டு, அது ஓடும் தூரத்தை வைத்துக் கிரீனின் வேகத்தைக் குறிப்போம். நிலத்தின் அமைப்பிலிருந்து மரங்கள், பங்கர், தண்ணீர், ஆட்டக்காரரின் மனத்தில் விழும் தயக்கம் வரை பத்து வகைத் தடைகளுக்குக் குழி குழியாக மதிப்பெண் விழும். தூரத்தை மட்டும் யார்டு கணக்கில் அப்படியே எடுத்துக்கொள்வதும் இல்லை. கடலோரக் காற்று, ஏற்ற இறக்கம், பந்து தரையில் உருளும் அளவு எல்லாம் சேர்ந்து அதைத் திருத்தும். மலைமேல் இருக்கும் டாஹோ ஏரிப் பக்கம் 6,000 அடி உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பந்து கூடுதலாகப் பறக்கும். அதற்கும் கழிவு உண்டு. பத்து ஆண்டுக்கு ஒரு முறையாவது எல்லாக் கோர்ஸையும் திரும்ப அளக்க வேண்டும், ஏனென்றால் மரம் வளர்கிறது, பங்கர் மூடப்படுகிறது, டீ நகர்கிறது. என் கண்ணில், சங்கம் செய்கிற வேலைகளிலேயே மிக உயர்ந்தது இதுதான். யாரும் கைதட்டாத வேலையும் இதுதான்.

இந்த அளவெல்லாம் உங்கள் எண்ணாக மாறுவது இப்படி. மேலே சொன்ன 71.2 / 128 டீயில் 95 அடித்தீர்கள் என்று வையுங்கள். 95-லிருந்து 71.2-ஐக் கழித்தால் 23.8. அதை 113-ஆல் பெருக்கி 128-ஆல் வகுத்தால் 21.0. அன்றைய ஆட்டத்தின் உண்மையான மதிப்பு அந்த 21.0. இப்படிக் கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த எட்டின் சராசரிதான் உங்கள் ஹேண்டிகேப் இண்டெக்ஸ். உங்கள் சராசரித் திறமையை இது சொல்வதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நன்றாக ஆடும் நாளில் உங்களால் என்ன முடியும் என்பதைச் சொல்கிறது. "ஹேண்டிகேப்பைத் தொடவே முடியவில்லையே" என்று புதியவர்கள் சோர்ந்துபோவது பெரும்பாலும் இது தெரியாமல்தான்.

அந்த 21.0-ஐ எடுத்துக்கொண்டு வேறு கோர்ஸுக்குப் போகிறீர்கள். பார் (கோர்ஸுக்கு என்று வைத்திருக்கும் இயல்பான அடிக் கணக்கு) 70, ரேட்டிங் 69, ஸ்லோப் 113 உள்ள எளிய நகராட்சிக் கோர்ஸ் என்றால் உங்களுக்கு 20 அடி சலுகை. பார் 72, ரேட்டிங் 74, ஸ்லோப் 140 உள்ள முரட்டுக் கோர்ஸ் என்றால் 28. அதே ஆள், அதே கை, எட்டு அடி வித்தியாசம். உங்கள் அலுவலக நண்பர் "நான் எப்போதும் தொண்ணூறுக்குள்தான்" என்று சொன்னால், எந்தக் கோர்ஸில், எந்த டீயிலிருந்து என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இதில் ஒரு பலவீனம் உண்டு. கோர்ஸை நாங்கள் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், ஸ்கோரைப் பதிவு செய்வது நீங்கள். மோசமாக ஆடிய நாட்களை மட்டும் பதிந்து எண்ணை ஊதிப் பெரிதாக்கிக்கொண்டு போட்டியில் பரிசு தட்டுகிறவர்கள் உண்டு. நல்ல நாட்களை மட்டும் பதிந்து சின்ன எண்ணைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்களும் உண்டு. அதற்கெல்லாம் கணக்கிலேயே சில வேலிகள் இருக்கின்றன. உங்கள் இண்டெக்ஸைவிட ஏழு அடியோ அதற்கு மேலோ சிறப்பாக ஒரு நாள் ஆடிவிட்டால், எண் தானாகவே கூடுதலாக ஓர் அடி இறங்கும். பத்து அடி என்றால் இரண்டு. ஒரு குழியில் மொத்தமாகச் சொதப்பினாலும் அந்தக் குழிக்கு ஓர் எல்லைக்கு மேல் பதிய முடியாது: டபுள் போகியோடு (பாரைவிட இரண்டு அடி அதிகம்) அந்தக் குழியில் உங்களுக்கு உரிய சலுகை அடி. பார் 4 குழியில் ஒரு சலுகை அடி இருந்தால் 7-தான் உச்சம். தனியாக ஆடிய ஆட்டம் இங்கே செல்லாது. கூட ஒருவராவது இருக்க வேண்டும்.

ஆனால் எல்லா வேலிகளையும்விட வலுவானது உங்களைத் தெரிந்த மனிதர்கள். அதனால்தான் சங்கத்தில் நேரடியாகப் பெயர் எழுதிக்கொண்டாலும் ஏதாவது ஒரு கிளப்பின் வழியாகத்தான் ஹேண்டிகேப் வருகிறது. கிளப் என்றதும் பெரிய வாசல் கதவும் லட்சக்கணக்கான டாலர் நுழைவுக் கட்டணமும் மனத்தில் வரும். அது தேவையே இல்லை. சொந்தமாக ஒரு சதுர அடி நிலம்கூட இல்லாமல், சேர்ந்து ஆடுகிற நண்பர் வட்டமே கிளப்பாக இயங்கலாம். பத்துப் பேரும் ஒரு ஹேண்டிகேப் குழுவும் இருந்தால் போதும். அலுவலகம், கோயில், கல்லூரிப் பழைய மாணவர் வட்டம் என்று எதை வைத்தும் அமைக்கலாம். பொதுக் கோர்ஸ்களில் ஆடுகிறவர்களைச் சங்கத்துக்குள் கொண்டுவந்த வாசல் இது. உங்களைப் போலப் பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை.

போட்டிகள் பக்கம் வருகிறேன். சங்கங்களின் மகுடம் மாநில அமெச்சூர் சாம்பியன்ஷிப். வடக்கும் தெற்கும் சேர்ந்து நடத்தும் இந்தப் போட்டி பல தலைமுறைகளாக மான்ட்டரே பக்கம் கடலோரத்தில் உள்ள பெபிள் பீச் கோர்ஸிலேயே நடந்தது. சான்ஃபிரான்சிஸ்கோவின் நகராட்சிக் கோர்ஸான ஹார்டிங் பார்க்கில் ஆடி வளர்ந்த கென் வென்ச்சூரி இதை 1951-லும் 1956-லும் வென்றார். 1964-ல் யு.எஸ். ஓப்பனையும் வென்றார். ஜானி மில்லர் மாநிலப் பட்டம் வென்றது 1968-ல், யு.எஸ். ஓப்பன் வென்றது 1973-ல். தெற்குச் சங்கத்தின் சொந்தப் பட்டத்தை 1994-ல் வென்றவர் டைகர் உட்ஸ். பின்னாளில் உலகம் அறிந்தவர்களுக்கு முதல் மேடை போட்டுக் கொடுத்தவை இந்தச் சங்கங்கள்.

யு.எஸ். ஓப்பனுக்கு ஆண்டுதோறும் பத்தாயிரம் பேர் விண்ணப்பிக்கிறார்கள். ஹேண்டிகேப் இண்டெக்ஸ் 0.4-க்கு மேல் போகாத அமெச்சூர் யாரும் பணம் கட்டி முயலலாம். நாடெங்கும் நூறு இடங்களுக்கு மேல் நடக்கும் அந்த முதல் கட்டத் தகுதிச்சுற்றுகளைக் களத்தில் நின்று நடத்துகிறவையும் வட்டாரச் சங்கங்கள்தாம். விடியும் முன்பே போய்க் குழிகளின் இடத்தைச் சரிபார்ப்பது, தண்டனைப் பகுதியின் சிவப்பு, மஞ்சள் கோடுகள் அழிந்திருந்தால் திரும்பப் பூசுவது, பனிமூட்டம் விலகக் காத்திருப்பது, ஒருவருடைய பந்து வேலிக்கு உள்ளே கிடக்கிறதா வெளியே கிடக்கிறதா என்று மண்டியிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது என்று அன்றைய நாள் ஓடும். ஒரு தீர்ப்பு பிசகினால் ஓர் இளைஞனின் வருடமே போய்விடும் என்பதால், அங்கே நிற்கும் தன்னார்வலர்கள் விதிப் புத்தகத்தை வருடா வருடம் தேர்வெழுதும் பிள்ளைகளைவிடக் கவனமாகப் படிக்கிறார்கள்.

நமக்கான போட்டிகளும் உண்டு. ஹேண்டிகேப் கழித்துக் கணக்கிடும் நெட் போட்டிகளில் 21 இண்டெக்ஸ் ஆளும் நம்பிக்கையோடு இறங்கலாம். இதுபோன்ற சங்கங்கள் பல போட்டிகளை வார நாட்களில் வைப்பது மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கோர்ஸ் கிடைப்பது வார நாளில்தான் என்ற சிரமம் புரிகிறது. ஆனாலும் வேலைக்குப் போகிறவர்களும் சின்னக் குழந்தைகள் உள்ள பெண்களும் அதனால் வெளியே நின்றுவிடுகிறார்கள். உறுப்பினரான பிறகு இதை நீங்களும் கேளுங்கள். பரிசு பற்றியும் ஒரு வார்த்தை: 2022 முதல் ஹேண்டிகேப் இல்லாத போட்டிகளில் அமெச்சூர் 1,000 டாலர் வரை ரொக்கமாகவே வாங்கலாம். நெட் போட்டியில் ரொக்கம் கூடாது, பொருளாகத்தான் வாங்க வேண்டும். அலுவலகப் போட்டிக்கு நிதி திரட்டுபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

"மைதானம் இல்லாத சங்கம்" என்று நினைத்திருந்தால், வடக்குச் சங்கம் விதிவிலக்கு. 1986-ல் பெபிள் பீச்சின் காட்டுக்குள் பாப்பி ஹில்ஸ் என்ற கோர்ஸைத் திறந்தது. இந்த நாட்டில் ஓர் அமெச்சூர் சங்கம் தானே கட்டி நடத்திய முதல் கோர்ஸ் அது. 1991 முதல் 2009 வரை டூர் ஆட்டக்காரர்கள் பெபிள் பீச் போட்டிக்காக அங்கேயும் ஆடினார்கள். 2013-ல் மூடி, அடியில் மணல் பரப்பி, நீண்ட ஓரப் புல்லையே எடுத்துவிட்டு 2014-ல் திரும்பத் திறந்தார்கள். தண்ணீர் குறைவாகச் செலவாக வேண்டும் என்பது அதன் முக்கிய நோக்கம். கலிஃபோர்னியா வறட்சியின் பிடியில் இருந்த காலம் அது. லிவர்மோர் குன்றுகளில் 1996-ல் திறந்த பாப்பி ரிட்ஜும் சங்கத்துடையதே. 27 குழிகளாக இருந்ததை முற்றிலும் மாற்றி 2025-ல் 18 குழிகளாகத் திறந்திருக்கிறார்கள். இரண்டிலும் உறுப்பினர்களுக்குக் கட்டணம் குறைவு. வருடத்தில் ஓரிரு முறை அங்கே போனாலே உங்கள் சந்தாக் கணக்கு நேராகிவிடும்.

குழந்தைகள் இருந்தால் இதையும் கவனியுங்கள். 2006-ல் இந்தச் சங்கத்தின் அறக்கட்டளை யூத் ஆன் கோர்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. உறுப்பினராகப் பதிந்த பிள்ளை ஐந்து டாலரோ அதற்குக் குறைவாகவோ கொடுத்து ஆடலாம். அதற்கு மேல் கோர்ஸுக்குச் சேர வேண்டியதில் ஒரு பங்கைத் திட்டம் ஈடுகட்டுகிறது. வட கலிஃபோர்னியாவில் முளைத்தது இன்று நாடு முழுவதும் பரவியிருக்கிறது. அமெச்சூர் சங்கங்களில் இப்படி ஒரு மரபு பழையது. சிக்காகோ வட்டாரத்தில் கேடியாக, அதாவது ஆட்டக்காரரின் கோல்ஃப் பையைச் சுமந்து கூட நடப்பவராக, இருந்து உயர்ந்த சிக் எவன்ஸ், 1916-ல் யு.எஸ். ஓப்பனையும் யு.எஸ். அமெச்சூரையும் ஒரே ஆண்டில் வென்றவர். அமெச்சூராகவே இருக்க விரும்பியதால் தனக்கு வந்த பணத்தைக் கையில் வாங்காமல் கேடிகளின் படிப்புக்கு ஒதுக்கினார். மேற்கத்திய கோல்ஃப் சங்கம் அதை ஏற்று நடத்த, 1930-ல் முதல் இரண்டு கேடிகள் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்கள். இன்றுவரை பல்லாயிரம் பேர் அந்த உதவியில் பட்டம் பெற்றிருக்கிறார்கள்.

கடைசியாக, பலருக்கும் தெரியாத வேலை ஒன்று. 2021-ல் ஏ.பி. 672 என்ற மசோதா கலிஃபோர்னியா சட்டமன்றத்துக்கு வந்தது. நகராட்சி கோல்ஃப் கோர்ஸ்களை வீட்டுமனைகளாக மாற்ற உள்ளாட்சிகளுக்கு நிதி ஊக்கம் தரும் திட்டம். மாநிலத்தின் கோல்ஃப் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தன. தெற்குச் சங்கம் முன்னின்றது. 2022 ஜனவரியில் மசோதா குழுநிலையிலேயே நின்றுபோனது. இங்கே வீட்டுப் பஞ்சம் எவ்வளவு கொடியது என்று வாடகை கட்டுகிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த மசோதா தனியார் கிளப்களைத் தொடவில்லை. ஹார்டிங் பார்க் போன்ற பொதுக் கோர்ஸ்களை, வசதி குறைந்தவர்கள் ஆடும் ஒரே இடத்தைக் குறிவைத்தது. அதனால் எதிர்த்தது சரி என்றே நினைக்கிறேன். தண்ணீர்ப் பங்கீடு பற்றிய கூட்டங்களிலும் இதே போராட்டம்தான். சாதாரண ஆட்டக்காரருக்காக அந்த அறையில் உட்கார்ந்து பேச வேறு யாரும் இல்லை.

சேர்வதென்றால் முதலில் உங்கள் நண்பர்கள் எந்தக் கிளப்பில் இருக்கிறார்கள் என்று கேட்டு அதிலேயே சேருங்கள். தெரியாதவர்கள் நிறைந்த இணையக் கிளப்பைவிட அதுவே நல்லது, உங்கள் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அங்கே இருப்பார்கள். ஆண்டுச் சந்தா ஏறத்தாழ வார இறுதியில் ஒரு பொதுக் கோர்ஸில் ஒரு முறை ஆடும் செலவுதான். பிறகு ஸ்கோர் பதிவதற்கான ஜின் (GHIN) செயலியை இறக்கிக்கொண்டு, ஆடிய அன்றே, முடிந்தால் குழி குழியாகப் பதியுங்கள். மின்னசோட்டா போன்ற பனி மாநிலங்களில் குளிர்காலத்தில் பதிவை நிறுத்திவிடுவார்கள்; பே ஏரியாவில் அந்த விடுப்பு கிடையாது, டிசம்பரில் ஆடினாலும் பதிய வேண்டும். மொத்தம் 54 குழிகள் பதிந்தால் போதும். முழுச் சுற்றுகளாக மூன்று ஆடியிருந்தால், அவற்றில் சிறந்த மதிப்பிலிருந்து 2.0-ஐக் கழித்து மறுநாள் காலை உங்கள் முதல் இண்டெக்ஸ் வந்துவிடும்.